ரங்கன் மாட்டிய நாலாவது சீல்

ஒரு வேலை பிசகினால் முதலில் தன் கையைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று நம்புகிறவர் நல்ல வேலைக்காரரா, அல்லது தன் கையைத் தாண்டி எதையும் பார்க்கத் தெரியாதவரா? ஈக்காட்டுத்தாங்கலில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ஷரீஃபை இந்தக் கேள்வி இருபத்தாறு வருடமாக விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. காரணம், அவருடைய பட்டறைக்கும் பக்கத்து ஷெட்டுக்கும் நடுவே இருந்தது ஒற்றைத் தகரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் டீசல் மெக்கானிக் ரங்கன்.

ரங்கனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பின்புறச் சந்தில் வீடு. காலை எட்டரைக்கு மொபெட்டில் வந்து இறங்குவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். முந்தின நாள் முடித்த வண்டியின் அடியில் விரித்துவைத்த அட்டையை இழுத்துப் பார்ப்பார். அட்டை சுத்தமாக இருந்தால் டீ. ஒரு சொட்டு இருந்தாலும் டீ கிடையாது, அந்தச் சொட்டு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும்வரை.

திரும்பி வரும் வண்டிகள் விஷயத்தில்தான் ஷரீஃபுக்கு ஆத்திரம். மற்ற ஷெட்டுகளில் டிரைவர் வாயைத் திறப்பதற்குள் "நீ இன்னா பண்ண, அதச் சொல்லு" என்று பிடித்துக்கொள்வார்கள். ரங்கன் கேட்கமாட்டார். "நான் எங்கியோ விட்டுட்டேன் போல கீது" என்று சொல்லிவிட்டு அடியில் நுழைந்துவிடுவார். கிளட்ச் பெடலிலேயே காலை வைத்துக்கொண்டு கிண்டியிலிருந்து திண்டிவனம்வரை ஓட்டிக் கருக்கிக்கொண்டு வந்தவனுக்கும் அதே பதில்தான். டிரைவர்களுக்கு இது தெரியும். தெரிந்தவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் செய்தார்கள்.

"உனக்கு மன்னிப்பு கேக்கறதுல ஒரு ருசி கீது நைனா" என்பார் ஷரீஃப், தடுப்புக்கு மேலே தலையை நீட்டி. "பிரியாணியாட்டம்."

"போ பாய். உன் வேலையப் பாரு."

ரங்கனை நல்லவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஷரீஃப் அப்படிச் சொன்னதில்லை. நல்லவர் என்ற சொல்லுக்குள் அந்த ஆள் அடங்கவில்லை என்பது அவர் கட்சி. தன்னையே சந்தேகித்துக்கொண்டிருப்பதும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஆனால் தன் மகள் கல்யாணத்துக்கு ஆடு ஏற்றிவந்த வண்டி பூந்தமல்லியில் நின்றபோது முதலில் கூப்பிட்டது ரங்கனைத்தான்.

ஆரோக்கியராஜின் லாரி இந்த இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

ஆரோக்கியராஜ் சாந்தோம்காரர். நாற்பது வயது. அப்பா படகில் போனவர். மகனுக்குக் கடல் குமட்டல், கரையிலேயே நின்றுவிட்டார். இருபத்திரண்டு வயதான ஒரு சின்ன டீசல் லாரியை வாங்கி, விடிவதற்கு முன் காசிமேட்டுக்குப் போய் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு நொச்சிக்குப்பத்துக்கு வருவது அவர் தொழில். லூப் ரோட்டுப் புது மீன் அங்காடியில் கடை போடும் பெண்கள் நாற்பது பேருக்கு அந்த ஒரு வண்டிதான். அந்த நாற்பது பேருக்கும் வாயாகவும் கையாகவும் இருந்தவர் கெங்கம்மா. மீன் ஏற்றும் நடையை யாருக்குக் கொடுப்பது, யாரிடமிருந்து எடுப்பது என்பதை அவர்தான் சொல்வார்.

பங்குனியில் லாரி சொட்ட ஆரம்பித்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து கறுப்பு ஆயில். புது அங்காடி வாசலின் சிமெண்டுத் தரையில் தினமும் ஒரு தோசை அளவுக்குக் கறை. அதை மிதித்த கால் மீன் கூடை பக்கம் போனால் போதும், கெங்கம்மா ஆரோக்கியராஜின் ஏழு தலைமுறையையும் சந்திக்கு இழுத்துவிடுவார்.

ஆரோக்கியராஜ் வண்டியை ரங்கனிடம் கொண்டுவந்தார்.

இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஆயில் சீல் என்பார்கள். கையளவு வளையம்தான், ஆனால் அதைத் தொடவேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, அதன் பின்னாலிருக்கும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தையும் எடுக்கவேண்டும். இரண்டு நாள் வேலை. ரங்கன் செய்தார். ஏழு நாள் சுத்தமாக ஓடியது. எட்டாம் நாள் சொட்டியது.

"நான்தான் சாய்ச்சு மாட்டியிருப்பேன்" என்றார் ரங்கன்.

இரண்டாவது முறை புதுப்பேட்டைக்குத் தானே போய், நாலு கடை ஏறி இறங்கி, சீலை விரலால் நீவிப் பார்த்து வாங்கிவந்தார். மாட்டி முடித்தபோது மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. படகுகள் கரையேறின. சித்திரையும் வைகாசியும் லாரி சாந்தோமில் ஒரு வேப்பமரத்தடியில் சும்மா நின்றது. ரங்கன் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போகும் வழியில் இறங்கி, குனிந்து அடியைப் பார்த்துவிட்டுப் போவார். சொட்டே இல்லை.

"பாத்தியா பாய், நின்னுடுச்சு" என்றார் ஷரீஃபிடம், அவருடைய அளவுக்கு அது பெரிய கொண்டாட்டம்.

"வண்டியே நின்னுகினு கீது. அப்பால சொட்டு எப்டி வரும்?"

தடை முடிந்து படகுகள் இறங்கிய மூன்றாம் நாள் ஆரோக்கியராஜ் போன் செய்தார். தரையில் தோசை திரும்ப வந்துவிட்டது.

மூன்றாவது முறை ஷரீஃபும் உள்ளே இழுக்கப்பட்டார். பல வருடம் சீல் உரசி உரசித் தண்டில் ஒரு பள்ளம் விழுந்திருப்பதை ரங்கன் விளக்கடித்துக் காட்டினார். முடி கிடந்தால் தெரியுமே, அந்த அளவுப் பள்ளம். ஷரீஃப் லேத்தில் உட்கார்ந்து, தண்டின் மேல் ஏற்றுவதற்கு ஒரு மெல்லிய உருக்கு வளையம் கடைந்துகொடுத்தார். தன் கைவேலையைப் பற்றி வாய் திறக்காதவர் அல்ல அவர். அந்த வளையத்தைப் பற்றி மூன்று நாள் பேசினார். சீல் பன்னிரண்டு நாள் தாங்கியது. பிறகு ஆயில் அதே இடத்தில், அதே அளவுக்கு.

ஆடி மாதம் இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை மதியம், ஆரோக்கியராஜ் லாரியை ஷெட்டுக்குள் விட்டுவிட்டுக் கீழே இறங்காமல் ஸ்டியரிங்மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ராஜு?"

"அண்ணா, கெங்கம்மாக்கா முடிவு பண்ணிருச்சுண்ணா. பெசன்ட் நகர்ல ஒருத்தன் புது வண்டி வாங்கிக்கீறான். அவன் வந்து பேசிட்டுப் போயிட்டான். ஞாயித்துக்கெழமை வரைக்கும் டைம். அன்னிக்கு அது கண்ணு முன்னால ஒரு சொட்டு உயுந்தா, திங்கக்கெழமைலேர்ந்து அவன் வண்டி."

"வேற நடை கெடைக்காதா?"

"இந்த வண்டிய எவன் கூப்டுவான்? ஏறி உக்காந்தாலே நெத்திலி வாசனை. அது மட்டுமில்ல, உன்னியும் கூட்டிகினு வரச்சொல்லிச்சு. 'அந்த மெக்கானிக்கு மூஞ்சியப் பாக்கணும், இஸ்துகினு வா'ன்னுச்சு."

ஆரோக்கியராஜ் போனபின் ரங்கன் கியர்பாக்ஸ் போல்டுகளுக்கு ஸ்பேனரை எடுத்தார். நாலாவது தடவை. ஸ்பேனர் கையில் இருந்தது, கை நகரவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். இதைத் தடுப்புக்கு மேலிருந்து பார்த்த ஷரீஃபுக்கு எங்கிருந்தோ பற்றிக்கொண்டு வந்தது. லேத்தை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் வந்தார்.

"இன்னா பாக்கற? ரேகையா?"

"கை நடுங்குதோன்னு ஒரு சந்தேகம் பாய். வயசாயிடுச்சு. மாட்டும்போது சீலோட உதடு மடங்குதோ இன்னாவோ."

"யோவ். நாலு மாசமா உன் கையையே பாத்துகினு கீற. ஒருவாட்டி வண்டியப் பாருய்யா. சீலு உன்னுது. ரிங்கு என்னுது. ரெண்டு பேரும் ஒண்ணா முட்டாளா? நான் ஒத்துக்க மாட்டேன். உனக்கு வேணும்னா நீ தனியா முட்டாளாயிரு."

ரங்கன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். மொபெட் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். மனைவி காவேரிக்காக மாட வீதியில் வாங்கிய கோலமாவு.

"இன்னா, கோலம் போடப்போறியா?"

"கோலம் தானா விழும். பாரு."

இன்ஜின் முழுவதையும் டீசல் விட்டுக் கழுவித் துடைத்து உலர்த்தினார். பிறகு கோலமாவைக் கையில் எடுத்து, குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல இன்ஜின்மேல் எல்லா இடத்திலும் தூவினார். கறுத்துக் கிடந்த இன்ஜின் வெளுத்துப்போய் நின்றது. மாவு உலர்ந்த இடத்தில் வெள்ளையாகவே இருக்கும். ஆயில் எங்கே முதலில் கசிகிறதோ அங்கே கறுக்கும். இந்த வித்தை அவருக்கு எப்போதும் தெரிந்ததுதான். இதுவரை செய்யாததற்குக் காரணம், குற்றவாளி யார் என்று அவர் முன்பே முடிவுகட்டியிருந்ததுதான்.

இன்ஜினை ஓடவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் குனிந்து பார்த்தார்கள்.

நாலு நிமிடத்தில் பின்பக்கம், சீல் இருக்கும் இடத்துக்கு அடியில், கறுத்தது. ரங்கன் தலையாட்டினார். ஆனால் ஷரீஃப் முன்பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"இங்கியும் கீது நைனா."

முன்பக்கச் சீலின் அடியிலும் ஒரு கீற்று. மேலே மூடியின் ஓரத்தில் ஒன்று. ஆயில் அளவு பார்க்கும் கம்பி சொருகியிருக்கும் துளையைச் சுற்றி ஒரு வட்டம். அந்தக் கம்பி அடிக்கடி தானாக மேலே எழும்பி வருகிறது என்று ஆரோக்கியராஜ் அதை சைக்கிள் டியூப் துண்டால் இழுத்துக் கட்டிவைத்திருந்தார். நாலு மாதமாக அந்தக் கட்டை அவிழ்த்துக் கட்டியவர் ரங்கன். பழைய வண்டி, துளை தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டவர்.

ஒரு இடத்தில் கசிந்தால் அந்த இடம் கெட்டுப்போயிருக்கலாம். நாலு இடத்தில் ஒரே நேரத்தில் கசிகிறது என்றால், உள்ளேயிருந்து எதுவோ தள்ளுகிறது. ரங்கன் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினார். முழுதாகத் திருகி முடிப்பதற்குள் மூடி கையை விட்டு எகிறியது. புகையும் ஆயில் துளிகளுமாக அவர் முகத்தில் அடித்தது.

"குக்கராட்டம் கீதே" என்றார் ஷரீஃப்.

"மூச்சு முட்டுது பாய் இதுக்கு."

ஓடுகிற இன்ஜினுக்குள் காற்றும் புகையும் சேரும். அது வெளியேற ஒரு குழாய் உண்டு. இன்ஜின் மூச்சுவிடும் குழாய். பக்கவாட்டில் தொடங்கி ரப்பராகத் தொங்கி, வண்டியின் அடிச்சட்டத்துக்குப் பின்னால் கீழ்நோக்கி முடியும். ரங்கன் இன்ஜினை அணைத்துவிட்டு, அந்தக் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டே போனார். மண்ணும் உப்பும் கிரீஸும் சேர்ந்து ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. கண்ணுக்குக் குழாயின் முனையாகத்தான் தெரிந்தது. விரல் மட்டும் உள்ளே போகாமல் நின்றது. சுரண்டினார். உள்ளே கெட்டியாக ஏதோ இருந்தது.

துடைத்து எடுத்தபோது ஆரஞ்சு நிறம் வெளிப்பட்டது. மீன் வலையில் கட்டும் மிதவை. அதை ஆப்பு வடிவில் அழகாகச் சீவி, குழாய் வாயில் அடித்து இறக்கி, மேலே நைலான் வலைநூலால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தது. முடிச்சு அவ்வளவு நேர்த்தி. இரண்டு பேருக்கும் சேர்த்து அவிழ்க்கத் தெரியவில்லை. ரங்கன் பிளேடால் அறுத்தார். அடைப்பு விடுபட்டதும் குழாய் நீளமாகப் பெருமூச்சு விட்டது.

ஷரீஃப் மிதவையைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இது குப்பத்துக் கைவேலய்யா. எவனோ மூக்கப் பொத்திட்டு, உன்ன வயித்தாலப் போவுதுன்னு வைத்தியம் பாக்க உட்டுருக்கான்."

ரங்கன் சிரித்தார். ஷரீஃப் அந்தச் சிரிப்பை ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தார். முகம் முழுக்க ஆயில் புள்ளியோடு, முன்பல் இரண்டும் தெரிய. மிதவையை வாங்கித் துணியால் துடைத்து, ஆணியில் தொங்கிய சட்டைப்பையில் போட்டார்.

"ஞாயித்துக்கெழமை அந்தம்மா முன்னால எடுத்து வெக்கறேன் பாய். 'இதாம்மா உன் ஆயில்'னு."

"நானும் வரேன். இத உட்டா எனக்கு வேற சினிமா இல்ல."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வேலை நடந்தது. நாலாவது சீல் ஏறியது. ஷரீஃபின் வளையம் கீறல் இல்லாமல் இருந்தது. அவர் அதை மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். மூச்சுக்குழாய் வழியாகக் கொஞ்சம் ஆயில் துளி வருவது இயல்பு. பழைய இன்ஜினில் கூடுதலாகவே வரும். அது மீன் பெட்டி இறக்கும் பக்கமாக விழுந்துகொண்டிருந்தது என்பதை ரங்கன் குழாயின் கோணத்தை வைத்துப் புரிந்துகொண்டார். அடைத்தவனுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கிறது. எனவே குழாயை நீட்டி மறுபக்கம் கொண்டுபோய், ஒரு காலி ஆயில் டப்பாவுக்குள் விட்டார். டப்பாவின் மேல்பக்கம் காற்றுப் போக ஓட்டைகள். பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதினார்: அடைக்காதே.

சனிக்கிழமை வண்டி எடுக்கவந்த ஆரோக்கியராஜிடம் சொன்னது இவ்வளவுதான்: "வாரத்துக்கு ஒருவாட்டி இந்த டப்பாவக் கவுத்துடு. இந்தக் கொழா வாய யார் சொன்னாலும் அடைக்காத. கர்த்தரே வந்து சொன்னாலும் அடைக்காத."

"சொட்டாதுல்லண்ணா?"

"நாளைக்குப் பாப்போம்."

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு லூப் ரோட்டில் கூட்டம் நெரிந்தது. மயிலையிலிருந்தும் அடையாறிலிருந்தும் பையோடு வந்தவர்கள், ஸ்கூட்டர்கள், மீன் வெட்டும் சத்தம். லாரி அங்காடி வாசலில் வந்து நின்றதும் கெங்கம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அறுபதைத் தாண்டிய வயது. இடுப்பில் செருகிய முந்தானை, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. ரங்கனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீதானா? நான் இன்னாவோ பெரிய ஆளுன்னு நெனச்சேன். மூணு வாட்டி வயித்த அறுத்துத் தெச்சியே, புள்ளையாவது பொறந்துச்சா?"

பெண்கள் சிரித்தார்கள். "சிசேரியன் ஸ்பெசலிஸ்ட்டுக்கா" என்றாள் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த கயல். ரங்கன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஷரீஃப் அவர் சட்டைப்பையைப் பார்த்தார். பை புடைத்துக்கொண்டுதான் இருந்தது.

கெங்கம்மா மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடி ஒன்றை எடுத்துவந்து, இன்ஜினுக்கு நேர் அடியில் தள்ளினார். பால்போல வெள்ளை மூடி.

"ராஜு, வண்டிய ஓடவுடு. அரை மணி நேரம். நிறுத்துன, கொன்னுடுவேன்."

லாரி நின்ற இடத்திலேயே ஓடியது. யாரும் அந்த அரை மணி நேரத்துக்காக வியாபாரத்தை நிறுத்தவில்லை. ஆனால் சில்லறை கொடுக்கும் கையோடு ஒரு கண் லாரியின் அடிக்குப் போய்வந்தது. ஆரோக்கியராஜ் சீட்டில் உட்கார்ந்து கழுத்துச் சிலுவையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடமும், வயதான அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் அந்த வெள்ளை மூடியின்மேல்தான் இருந்தன. ரங்கன் அசையவில்லை. ஷரீஃப் மட்டும் நாலுமுறை குனிந்து பார்த்தார்.

அரை மணி முடிந்து கெங்கம்மா மூடியை வெளியே இழுத்தார். வெயிலில் தூக்கிப்பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். விரலால் தடவி முகர்ந்தார். மீன் வாசனை மட்டும்தான்.

"நின்னுடுச்சு" என்றார், கொஞ்சம் ஏமாந்ததுபோல. "சரி. வண்டி இதே இருக்கட்டும். அந்த பெசன்ட் நகர்க்காரனாண்ட சொல்லிடு கயலு."

ஆரோக்கியராஜ் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஷரீஃப் மனத்தில் இனி ஒரு காட்சிதான் பாக்கி. ரங்கனின் கை பைக்குப் போவதையும் அவர் பார்த்தார். விரல் உள்ளேயே போய்விட்டது.

அப்போதுதான் கெங்கம்மா பேச ஆரம்பித்தார்.

"நாலு மாசம்யா. நாலு மாசம் இந்த வண்டியத் தடவிகினு கீறீங்க. எங்க ஊட்டுக்காரர் ஒரே நிமிசத்துல முடிச்சாரு. கேளு. மாசி மகம் கழிச்சு இதே வண்டில ஒரு பைப்பு சொட்டிச்சு. நேரா என் சங்கரா மீன் பொட்டில. நான் கத்துன கத்துல இவரு எழுந்து வந்தாரு. ஒரு மெதவையச் சீவுனாரு, சொருவுனாரு, நூல் சுத்துனாரு, ஒரே முடிச்சு. இன்னி வரைக்கும் அந்தப் பைப்புல ஒரு சொட்டு உண்டா? நீயே சொல்லு. பட்ச்சவன் நீ, ஸ்பேனர் கீது, லைட்டு கீது. அவருகிட்ட இன்னா கீது?"

அவர் கைகாட்டிய பக்கம், கடைக்குப் பின்னாலிருந்த நிழலில், அவருடைய கணவர் தேசப்பன் வலைக்குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கண் மங்கிப்போய்க் கடலுக்குப் போவதை நிறுத்தி மூன்று வருடமாகிறது. வலையைக் கண்ணால் பார்க்காமல் விரலால் பார்த்துத் தைப்பவர். பெண்சாதி தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுந்ததும் அவர் விரல்கள் நின்றன.

"அது ஒரு வேலையா? சும்மா இரு கெங்கா" என்றார். ஆனால் முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டார்.

"இன்னா சும்மா இரு? ஊர் பூரா தெரியட்டும். ஏன்யா மெக்கானிக்கே, அவரு ஒரு நிமிசத்துல பண்ணத நீ நாலு மாசம் ஏன் பண்ண? எங்க தப்பு நடந்துச்சு? வாயத் தொறந்து சொல்லு."

கயல் கத்தியை வைத்துவிட்டாள். நாலைந்து பெண்கள் கிட்டே வந்தார்கள். ஆரோக்கியராஜும் தலையைத் தூக்கினார். ஷரீஃப் தொண்டையைக் கனைத்துக்கொண்டார், தேவைப்பட்டால் சேர்ந்துகொள்ள.

ரங்கன் தேசப்பனைப் பார்த்தார். பிறகு கெங்கம்மாவைப் பார்த்தார். பையிலிருந்து கையை எடுத்தார். கை வெறுமையாக வந்தது.

"எம்மேலதாம்மா தப்பு" என்றார். "மூணு வாட்டியும் சீலச் சாய்ச்சு மாட்டிட்டேன். நாலாவதுதான் நேரா உக்காந்துச்சு."

"அப்டிச் சொல்லு. ஒத்துக்கினான் பாரு" என்று கெங்கம்மா பெண்கள் பக்கம் திரும்பினார். "ஆம்பள ஒத்துக்கறது லேசுல கெடைக்காது. கயலு, இவருக்கு ஒரு கிலோ சங்கரா போட்டுக் குடு. பாய்க்கும் போடு."

திரும்பும்போது இருவரும் சாந்தோம்வரை நடந்தார்கள். கையில் ஆளுக்கு ஒரு மீன் பை. மாதா கோயில் தாண்டியதும் ஷரீஃப் மொத்தமாகக் கொட்டினார்.

"நேரா உக்காந்துச்சா? மூணு வாட்டியும் நேராத்தான்யா உக்காந்துச்சு. என் ரிங்குமேல சீலு சாய்ஞ்சுதுன்னா என் ரிங்கு கோணல்னு அர்த்தம். அதையும் சேத்துக் குடுத்துட்ட. சரி, அத உடு. அந்தாளு நாளைக்கு இன்னொரு வண்டில பைப்பு அடைச்சார்னா? பெருமைல ஊர்ல கீற எல்லா வண்டியும் அடைப்பார்யா. உண்மையச் சொல்லியிருந்தா நாலு பேருக்கு நல்லது. இது தர்மமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னாத்துக்குச் சொன்ன? அந்தப் பெரியவருக்காகவா? அந்தம்மாவுக்குப் பயந்தா? இல்ல உன் பழைய ருசியா?"

இதில் எதுவும் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. ரங்கனுக்கும் அது தெரிந்திருக்கும். அவர் மீன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சங்கராவக் கொழம்பு வெக்கலாமா, வறுக்கலாமா பாய்?"

"வறு. போய் வறு."

செய்தி ஈக்காட்டுத்தாங்கலுக்கு வர இரண்டு நாள் ஆகவில்லை. மீனும் ஐஸும் ஏற்றும் வண்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் எல்லாம் சொல்லிக்கொள்வார்கள். ஒரு சீலை மூன்று தடவை தப்பாக மாட்டிய ஆள் என்று ஒரு பேர் ஒட்டிக்கொண்டது. வழக்கமாக வரும் இரண்டு வண்டிகள் அடுத்த தெருவுக்குப் போயின. ஷரீஃப் தன் பங்குக்கு, கேட்டவர்களிடமெல்லாம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரங்கன் ஒருமுறை, "பாய், அது என் வேலை" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஷரீஃப் அதன்பிறகு சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள், வானகரத்திலிருந்து ஒரு லாரிக்காரர் வண்டியை ஷெட்டு வாசலில் நிறுத்தினார். ஆயில் ஒழுகும் வண்டி. முதல்தடவை வருகிறவர். கண்ணாடியை இறக்கி, தலையை மட்டும் நீட்டி, சந்தேகமாகக் கேட்டார்.

"ஒரு சீல மூணு வாட்டி தப்பா மாட்டினது நீங்கதானா?"

லேத்தின் பின்னாலிருந்து ஷரீஃப் நிமிர்ந்தார்.

"நான்தான்" என்றார் ரங்கன். "வண்டிய உள்ள உடுங்க."